எத்தனை நாள் என்று கேட்டிருந்தாய்

சேகர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இந்த முறை உறையில் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறாய். கவனித்தேன். நாலு வருஷமாகப் பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை, அச்சடித்த கரும்புக்கும் பானைக்கும் கீழே உன் கையெழுத்து, அவ்வளவுதான் நமக்குள் போக்குவரத்து. இப்போது நாக்பூரிலிருந்து ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறாய். அடுத்த மாதம் மெட்ராஸில் ஷோபாவின் சிநேகிதிக்குக் கல்யாணம். அதற்கு வரும்போது திருவண்ணாமலையையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று ஷோபா ஆசைப்படுகிறாள். குழந்தைக்கும் கோயில் யானையைக் காட்டலாம். 'ஊரை நிதானமாகப் பார்க்க எத்தனை நாள் தேவைப்படும் என்று தெரிவிக்கவும். ஒரு நாளா, இரண்டு நாளா என்று தெரிந்தால் ரிசர்வேஷன் செய்ய வசதியாக இருக்கும். லாட்ஜில் ஒரு டபுள் ரூம் போட்டு வைக்கவும்.' ஒரு லாட்ஜ் மேனேஜருக்கு எழுதுகிற கடிதம் என்று பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை.

இந்தக் கேள்விக்கு நான் பதினெட்டு வருஷமாகப் பதில் சொல்லி வருகிறேன். சரித்திரத்தில் எம்.ஏ. படித்தவன், கல்லூரியில் பாடம் சொல்லியிருக்க வேண்டியவன், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கவுண்டரில் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுக்கிறேன். அது யாரால் என்பதை நீ சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்தவன், திரும்பச் சொல்லப் போவதில்லை. வருகிறவர்கள் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்பார்கள்: "இந்த ஊருக்கு எத்தனை நாள் வேணும் சார்?" கோயிலுக்கு அவசரமாகப் போனால் அரை நாள், நிதானமாகப் போனால் ஒரு நாள். மலை சுற்ற பதினாலு கிலோமீட்டர், நாலு மணி நேரம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு ஒரு காலை. ஆக ரெண்டு நாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவர்களும் பெரிய நோட்டில், தங்கும் நாள் என்கிற கட்டத்தில், இரண்டு என்று எழுதிவிட்டு மாடிக்குப் போவார்கள். அப்படி இரண்டு என்று எழுதிய ஒரு வெள்ளைக்காரர் இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை. ஆசிரமத்துப் பக்கம் வீடு எடுத்துக்கொண்டு பதினோரு வருஷமாக இருக்கிறார், பால்காரியிடம் "இன்னாம்மா, தண்ணி ஜாஸ்தி பால் கம்மி"னு தமிழில் சண்டை போடுகிறார். பத்து நாள் என்று எழுதிவிட்டு மறுநாள் காலையில் சாவியைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எத்தனை நாள் என்று கேட்கிறவன், போகும் நாளை முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறான். அவன் கேட்பது அனுமதி.

நான் ரூம் போடவில்லை, சேகர். போடுவது சுலபம். ஏழாம் நம்பர் காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் மூன்று பேரும் வந்து இரண்டு நாள் இருப்பீர்கள், குழந்தையை நான் கவுண்டரில் உட்கார வைத்து மணி அடிக்க விடுவேன், நீ எனக்கு ஒரு வேட்டி கொண்டுவந்து கொடுப்பாய், ஒருவருக்கொருவர் மரியாதையாகப் பேசிக்கொண்டு பிரிவோம். ஆனால் நான் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். சொன்னால் அந்த இரண்டு நாளும் இல்லாமல் போகலாம். பேத்தியின் முகத்தை நான் பார்க்காமலே போகலாம். மூன்று நாளாக அதை எடை போட்டுப் பார்த்துவிட்டு, லாட்ஜ் தாளில் எழுத மனம் இல்லாமல், கடையில் வெள்ளைத் தாள் வாங்கி வந்து மத்தியானத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த போஸ்ட்கார்டு. உன் கல்யாணத்தை நீ ஒரு போஸ்ட்கார்டில் எழுதினாய். தீபாவளிக்கு முந்தின வாரம், லாட்ஜ் விலாசத்துக்கு. பதிவுத் திருமணம், பெண் நாக்பூர், ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஆசீர்வாதம் வேண்டும், ஐந்து வரி. அதைத் தபால்காரர் படித்தார். அவர் முதலாளியிடம் கொடுத்தார், முதலாளி படித்தார். அப்புறம்தான் என் கைக்கு வந்தது. "மேனேஜர், மருமவ வந்துட்டாங்களாமே! நமக்கெல்லாம் சாப்பாடு எப்போ?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். அன்று லாட்ஜில் இருந்தவர்கள் எல்லாரும், பம்பு ரிப்பேர் பார்க்க வந்தவன் உட்பட, எனக்குக் கல்யாணச் செய்தி சொன்னார்கள். மறைத்து வைக்க ஒன்றும் இல்லை என்பதால்தான் நீ கார்டில் எழுதினாய் என்று உன் அம்மா சொன்னாள். இருக்கலாம். இதை எழுதும் இந்த நிமிஷத்திலும் நான் அந்தக் கார்டை மன்னிக்கவில்லை. ஓர் உறை வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கார்டுக்கு நான் கொடுத்த தண்டனை எந்தக் கணக்கிலும் சேராது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நீ ஷோபாவை அழைத்துக்கொண்டு வந்தது தை மாதத்து வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மெட்ராஸ் பஸ்ஸில் இறங்கி நேராக லாட்ஜுக்கு வந்தீர்கள். முதலாளி எனக்கு எதிரே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அப்பா, உங்களப் பாத்துட்டு உங்களோடவே வீட்டுக்குப் போலாம்னுதான் மொதல்ல இங்க வந்தோம்" என்றாய். அது நீ எனக்குச் செய்த மரியாதை. இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் கேட்டதெல்லாம் முதலாளி பேப்பரை மடக்குகிற சத்தம்தான்.

"அடடே, வடநாட்டு சம்பந்தம் வந்துடுச்சா! இன்னா மேனேஜர், அப்படியே பாத்துக்கினு நிக்கிறீங்க? ஆரத்தி எடுக்கச் சொல்லுங்க!"

அவர் கேலி செய்தாரா, நல்ல மனசோடு சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போன வருஷம் ஒருநாள் கேட்கலாம் என்று பார்த்தேன், கேட்கவில்லை. நான் பெரிய நோட்டைத் திருப்பி உன் பக்கம் தள்ளினேன். "ரூம் வேணும்னா இதுல எழுது" என்றேன்.

நீ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாய். ஷோபாவும் காரணம் தெரியாமல் உன்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். பேனாவை எடுத்தாய். பெயர், ஊர், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார் என்று ஒவ்வொரு கட்டமாக எழுதினாய். வந்த காரணம் என்கிற கட்டத்தில் எல்லாரும் 'சுவாமி தரிசனம்' என்று எழுதுவார்கள். நீ 'தாய் தந்தையரைப் பார்க்க' என்று எழுதினாய். அந்த நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது, மாதா மாதம் பார்த்துவிட்டுப் போகும் போலீஸ்காரர் அந்த வரிக்குப் பக்கத்திலும் டிக் போட்டிருக்கிறார். கடைசிக் கட்டத்தில் உன் பேனா நின்றது.

"எத்தன நாளுன்னு எழுதட்டும்ப்பா?"

"எல்லாரும் ரெண்டு நாள்தான் எழுதுவாங்க."

"பத்து நாள் லீவு போட்டுட்டு வந்தேன்ப்பா." குரலைத் தாழ்த்திச் சொன்னாய்.

"லீவு ஜாஸ்தி இருந்தா மைசூர், பெங்களூர் எல்லாம் பாக்கலாம். இந்த ஊர்ல பத்து நாளு பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

நீ இரண்டு என்று எழுதினாய். சாவியை எடுத்துக்கொண்டு, படியில் ஒரு கால் வைத்த பிறகு, "அம்மா?" என்று மட்டும் கேட்டாய். அப்போது அதைச் சொன்னேன். "உங்கம்மா உன்னத் தலைமுழுகிட்டா. வீட்டுப் பக்கம் போயி அவள இன்னும் கஷ்டப்படுத்தாத."

அது பொய், சேகர். உன் அம்மா உன்னைத் தலைமுழுகவில்லை. நீ வந்திருப்பதே அப்போது அவளுக்குத் தெரியாது. அந்த வாக்கியம் என் வாயில் எப்படி உருவானது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். என் கோபம் மட்டும் உன்னைத் தண்டிக்கப் போதாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. என் கோபம் உனக்குப் பழகிப்போனது, நீ அதற்கு அசைய மாட்டாய். அவளுடைய கோபத்துக்குத்தான் அசைவாய். அவளிடம் அது இல்லாததால் நானே செய்து கொடுத்தேன். நீ நம்பினாய். நான் உன்னைத் திட்டியிருக்கிறேன், அடித்திருக்கிறேன், அதுவரை பொய் சொன்னதில்லை. இருபத்தைந்து வருஷத்து நாணயத்தை ஒரே வாக்கியத்தில் செலவழித்தேன்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "உன் புள்ள வந்திருக்கான். லாட்ஜுல ரூம் எடுத்திருக்கான். வீட்டுக்கு வரலியாம்" என்றேன். "அவனா சொன்னான்?" என்று கேட்டாள். "நோட்டுல அவன் கையால எழுதியிருக்கான், ரெண்டு நாளுன்னு" என்றேன். அதில் பொய் இல்லை பார். ஏன் வரவில்லையாம் என்று கேட்டாள். நம் வீட்டில் கொல்லைக்குத்தான் போக வேண்டும், அதை வைத்து, "பொண்டாட்டிக்கு ரூமுக்குள்ளயே பாத்ரூம் வேணுமாம்" என்றேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு மொச்சையை உரித்துப் போட்டுவிட்டு, "அதுவும் சரிதான். புதுப்பொண்ணு. நம்ம கொல்லையில அது எப்படிப் போவும், பாவம்" என்றாள். அன்று அவள் ஒரு வார்த்தை உன்னைக் குறை சொல்லியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் சொல்லவில்லை. அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வர வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பதினோரு மணிக்கு டிபன் கேரியரோடு லாட்ஜுக்குள் நுழைந்தாள். தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலை முடிந்திருந்தாள். நான் சொன்ன பொய் நடந்து வருகிற மாதிரி இருந்தது எனக்கு. கேரியரில் முருங்கைக்கீரை அடை, உனக்குப் பிடித்த மல்லாட்டைத் துவையல், மொச்சைக் குழம்பு, சோறு. நாக்பூர்ப் பெண்ணுக்கு மல்லாட்டை என்றால் புரியாது, வேர்க்கடலை என்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். "எங்க அவன்?" என்றாள். நீ பஸ் நேரம் விசாரிக்கப் போயிருந்தாய், அதைச் சொன்னேன். "வரட்டும், இருக்கேன்" என்று கடிகாரத்துக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஷோபா கையில் சொம்போடு இறங்கி வந்தாள், வெந்நீருக்கு. உன் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். யார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். என் தலையாட்டலுக்காக மட்டும் அவள் அடங்கவில்லை. வீட்டுக்கு வர இஷ்டமில்லாத பெண்ணை வழிமறித்து, நான்தான் உன் மாமியார் என்று நிற்க அவளுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தையும் முந்தின நாள் நான்தான் அவளுக்குக் கொடுத்திருந்தேன்.

"பேரு இன்னா கண்ணு?"

"ஷோபா."

"சோபா. நல்ல பேரு. எங்க ஊரு புடிச்சிருக்கா?"

நீ சொல்லிக்கொடுத்த தமிழ் அவளிடம் கொஞ்சம் இருந்தது. "நல்லா இருக்கு" என்றாள். அதையே இன்னொரு முறையும் சொன்னாள், வேறு வார்த்தை இல்லாததால். உன் அம்மா சிரித்துவிட்டாள். "எத்தினி நாளு இருப்பீங்க?" என்று விரலை மடக்கி எண்ணுவது போலக் காட்டிக் கேட்டாள். ஷோபா இரண்டு விரலைக் காட்டினாள். "ரெண்டா? ரெண்டு நாளு பத்தாதும்மா" என்றாள் உன் அம்மா. வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்திருந்த கனகாம்பரத்தை ஷோபாவிடம் கொடுத்தாள். ஷோபா கோயிலுக்கு வந்த யாரோ ஒரு அம்மா என்று நினைத்து, கும்பிட்டு வாங்கிக்கொண்டு மேலே போனாள். நான் கவுண்டரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு மேஜைதான் இருந்தது.

பன்னிரண்டரைக்கு, "மொதலாளி வர்ற நேரம். நீ போ, நான் குடுத்துடறேன்" என்று அவளை அனுப்பினேன். போகும்போது, "துவையல கடைசியா வைக்கச் சொல்லு, மொதல்லயே தீத்துடுவான்" என்றாள். அரை மணியில் நீ வந்தாய். ஷோபா மாடிப்படியில் நின்றிருந்தாள். அவள் தலையில் பூவைப் பார்த்து நீ இந்தியில் ஏதோ கேட்டாய். எனக்கு இந்தி தெரியாது. பூ ஏது என்றுதான் கேட்டிருப்பாய். அவள் பெஞ்சைக் காட்டினாள். பெஞ்சு காலியாக இருந்தது. நீ என் பக்கம் திரும்பி, "அஞ்சரை பஸ்ஸுக்குப் போறோம்ப்பா. அம்மா ஏதாவது சொன்னாங்களா?" என்றாய்.

கேரியர் கவுண்டருக்குக் கீழே என் காலில் இடித்துக்கொண்டிருந்தது. சூடு இன்னும் போகவில்லை. "ஒண்ணும் சொல்லல" என்றேன்.

நீ மேலே போன பிறகு அதை நான் சாப்பிட்டேன். கெட்டுப்போகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நான்கு அடுக்கையும், துவையலையும், ஒரு பருக்கை விடாமல். பிறகு பின்பக்கத்துக் குழாயில் கழுவிக் கவிழ்த்தேன். ஐந்தரைக்கு நீங்கள் இறங்கி வந்தபோது நீ 'போயிட்டு வரேன்' என்று சொல்லவில்லை, "கெளம்பறோம்" என்றாய். அதையும் ஒரு குற்றமாக மனசில் குறித்துக்கொண்டேன்.

வீட்டில் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். "சாப்ட்டானா?" "சாப்ட்டான்." "அந்தப் பொண்ணு?" "அதுவும்தான்." "இன்னா சொன்னான்?" நான் உன்னிடம் சொன்ன அதே பதிலைச் சொன்னேன். ஒண்ணும் சொல்லல. அவள் கேரியரை வாங்கி ஒவ்வொரு அடுக்காகத் திறந்து உள்ளே பார்த்தாள். "கழுவிக் குடுத்திருக்கா. நல்ல பொண்ணுதான்" என்றாள். நான்காவது அடுக்கையும் பார்த்துவிட்டு, மறுபடி முதல் அடுக்கைத் திறந்து பார்த்தாள். என்ன தேடுகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உனக்கு ஏழு வயசில் நடந்தது நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை உன் அம்மா உன்னிடம் கொடுத்தனுப்பினாள். உறவு நிலைக்க வேண்டுமென்றால் ஒருவர் ஏனத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது, ஒரு சிட்டிகை சர்க்கரையாவது வெல்லமாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அவள் வெல்லத்தைப் போட்டாள், நீ போகிற வழியில் தின்றுவிட்டாய். "இன்னாடா, வெறும் ஏனத்த நீட்டற? எங்க உறவே வேணாம்னு உங்கம்மா சொல்லியனுப்பினாளா?" என்று அந்த அம்மா கேட்க, நீ அழுதுகொண்டே ஓடிவந்து, இன்னொரு துண்டு வெல்லம் வாங்கிக்கொண்டு திரும்ப ஓடினாய். அதற்குப் பிறகு நீ வெறும் பாத்திரத்தை யாருக்கும் கொடுத்ததில்லை. உன் அம்மாவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் குழாயடியில் நின்றபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. லாட்ஜுக்குள் சர்க்கரைக்கா பஞ்சம்? பொய் சொல்லத் தெரிந்த எனக்கு அதை ஒழுங்காக முடிக்கத் தெரியவில்லை.

"வெறும் ஏனமாவா குடுத்தான்?" என்றாள். ஒரே ஒரு முறைதான் கேட்டாள். அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, கம்பியை மாட்டி, மேல் பலகையில் ஏற்றி வைத்தாள். அதற்குப் பிறகு அதை இறக்கவேயில்லை.

எட்டு மாதம் இருந்தாள். உன்னைப் பற்றிப் பேசமாட்டாள். ஆனால் வாசல் பெருக்கும்போதோ அரிசி களையும்போதோ திடீரென்று, "அன்னிக்குத் துவையல்ல உப்பு கம்மியாயிடுச்சோ?" என்பாள். இன்னொரு நாள், "அடை ஆறிப்போயிருக்கும். ஆறிப்போனா அது நல்லா இருக்காது" என்பாள். நீ வராததற்கு அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. உன் மேல் போட மனசு வரவில்லை, அந்தப் பெண் மேலும் போடவில்லை, என் மேல் போடத் தோன்றவில்லை. உப்பின் மேல் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்று சொல்வேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதில்லை.

புரட்டாசியில் ஒரு காலை மார்வலி என்றாள், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நீ தந்தி கிடைத்துக் கிளம்பி வந்து சேர்ந்தபோது மூன்றாம் நாள், எரித்தாகிவிட்டது. பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போனோம். சொம்பை உன் கையில் கொடுத்தார்கள். நீ என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாய்: "என்னத் தலைமுழுகினவங்களுக்கு நான் எந்த உறவுலப்பா பால் ஊத்தறது?"

அங்கே சொல்லியிருக்க வேண்டும். சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. ஆனால் சுற்றி உறவுக்காரர்கள், என் மச்சினன், தெருக்காரர்கள், முதலாளிகூட வந்திருந்தார். "ஊத்து" என்றேன். ஊற்றினாய். அன்று மாலையே லீவு இல்லை என்று கிளம்பினாய், பதினாறாம் நாள் காரியத்துக்கு வரவில்லை. பெற்ற தாய்க்கு ஒரு நாள்தானா என்று ஊர் கேட்டது. நானும் ஊரோடு சேர்ந்து கேட்டேன். நாலு வருஷமாக அதை உன் மேல் ஒரு குறையாகவே வைத்திருக்கிறேன் என்றால் நம்புவாயா? மனுஷனால் அப்படியும் இருக்க முடிகிறது. தான் வெட்டிய பள்ளத்தில் விழுந்தவனைப் பார்த்து, பார்த்து நடக்கக் கூடாதா என்று கேட்க முடிகிறது.

இப்போது எழுதுவதற்கு என் மனசாட்சி காரணம் என்று நினைத்துவிடாதே, நான் அவ்வளவு நல்லவன் இல்லை. நம் வீட்டுச் சுவரில் உன் அம்மாவின் படம் மாட்டியிருக்கிறேன். ஷோபா அந்தச் சாவுக்கு வரவில்லை, படத்தையும் பார்த்ததில்லை. அவள் இந்த வீட்டுக்குள் காலை வைத்தால் பெஞ்சில் இருந்த அம்மா யார் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். அதனால்தான் உங்களை ஏழாம் நம்பரிலேயே தங்க வைத்துவிட எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. நேற்று அந்தப் படத்தைக் கழற்றிப் பார்த்தேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுத்து, சதுரமாகத் தெரிந்தது. பிறகு துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டேன்.

உனக்கும் இப்போது ஒரு பெண் இருக்கிறாள், அதனால் ஒன்று சொல்கிறேன், என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. நீ கோபப்பட்டால் உன் கோபத்தை உன் வாயால் சொல். அடுத்தவர் பெயரில் அனுப்பாதே. அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் ஒருநாளும் தூது போகாதே. இருவருக்கும் 'ஒண்ணும் சொல்லல' என்று சொல்வது அவ்வளவு சுலபம், அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடவும் முடியும்.

இதைப் படித்த பிறகு நீ வர வேண்டாம் என்று முடிவு செய்தால் அது நியாயம். கல்யாணத்துக்கு மெட்ராஸ் வந்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாலும் நான் கேட்க மாட்டேன். வந்தால் வீட்டுக்கு வா. கொல்லையில் போன வருஷம் ஒரு பாத்ரூம் கட்டினேன், யாருக்காக என்று தெரியாமலே. நான் அங்கே இருக்க வேண்டாம் என்று நீ நினைத்தால் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு லாட்ஜில் போய்ப் படுத்துக்கொள்கிறேன், எனக்கு அங்கே பழக்கம். கேரியர் மேல் பலகையில் அப்படியே இருக்கிறது. அவள் மாட்டிய கம்பியை நான் கழற்றவில்லை. அதில் போட ஒரு துண்டு வெல்லம் கொண்டு வா.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தாய். மேலே ஒன்றை எழுதாமல் விட்டேன், கை வரவில்லை. ஷோபா இரண்டு விரலைக் காட்டியபோது உன் அம்மா வெறுமனே பத்தாது என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மடங்கியிருந்த மூன்றாவது விரலைப் பிரித்து நிமிர்த்தினாள். பிறகு சுண்டுவிரல். கட்டைவிரலைக் கடைசியாக, கொஞ்சம் கெஞ்சுகிற மாதிரி. ஐந்தும் விரிந்த பிறகுதான் அந்த உள்ளங்கையில் பூவை வைத்தாள். ஷோபாவிடம் கேட்டுப் பார், அவளுக்கு நினைவிருக்கும். அவள் கையில்தான் உன் அம்மா பதில் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு மேல் எத்தனை நாள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

அப்பா